வாடகை வீடும் வாசலில் எழும் கேள்வியும்

(மங்கலம்பேட்டையில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் கழகம் கடந்து வந்த பாதையைப் புகழ்ந்து பேசுவது மரபு. எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அதனை நிறைவாகச் செய்துவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகத்தின் மாலை வகுப்பில் மண்ணெண்ணெய் விளக்கிலும் மின்விளக்கிலும் படித்த பிள்ளைகள் இன்று எங்கெங்கோ பணிபுரிகிறார்கள். அதைக் கேட்கையில் நெஞ்சம் நிறைகிறது. ஆயினும் படித்து முடித்து ஊரைவிட்டுப் புறப்படும் பிள்ளைக்கு, போன இடத்தில் முதல் நாள் நேர்வது என்ன என்பதைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

விருத்தாசலத்திற்கோ, நெய்வேலிக்கோ, கடலூருக்கோ, சென்னைக்கோ நம் பிள்ளை போகிறான். நம் பெண் போகிறாள். வேலை ஆணை கையில் இருக்கிறது. அன்று மாலைக்குள் வேண்டியது ஓர் அறை. “வீடு வாடகைக்கு” என்று எழுதிய அட்டை தொங்கும் வாசலில் போய் நிற்கிறார்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் வருமா என்று நாம் கேட்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. ஆனால் முதற்கேள்வி பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. “எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?” நாம் பட்டம் வாங்கித் தருகிறோம். அந்தப் பட்டத்தை மாட்டி வைக்க ஒரு சுவர் கிடைப்பது இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்திருக்கிறது என்றால், கல்விக் கழகம் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

என் தந்தையார் சொன்ன விடை

பிறர் கதையை முதலில் சொல்லாமல் என் கதையையே சொல்கிறேன். 1980-களின் நடுவில், ஆசிரியர் வேலை கிடைத்து, வேறொரு மாவட்டத்து நகரத்தில் குடியேறினேன். மூன்று குடித்தனங்கள் இருந்த வீட்டில் பின்கட்டு எனக்குக் கிடைத்தது. ஒப்பந்தம் ஏதும் எழுதவில்லை. மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பேன், உரிமையாளர் வாங்கிக்கொள்வார், ரசீது கேட்டதும் இல்லை, தந்ததும் இல்லை. நான்கு மாதங்கள் எவ்விதக் குறையும் இன்றிக் கழிந்தன. “வாத்தியார்” என்று மரியாதையுடன் அழைப்பார்கள்.

ஐந்தாம் மாதம் என் தந்தையார் என்னைப் பார்க்க வந்தார். பலாப்பழம் ஒன்றையும் ஒரு பை முந்திரிக்கொட்டையையும் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றார். உரிமையாளர் அன்போடுதான் விசாரித்தார்: “பெரியவரே, எந்த ஊரு?” “மங்கலம்பேட்டைப் பக்கங்க.” “ஊர்ல எந்தத் தெரு?” என் தந்தையார் பொய் சொல்லிப் பழகாதவர். “காலனிங்க” என்றார்.

மறுநாள் ஒரு தாளில் ஐந்து விதிகள் எழுதி என் கையில் தரப்பட்டன. வெளியார் இரவு தங்கக் கூடாது. புலால் சமைக்கக் கூடாது. கிணற்றில் காலை ஆறு மணிக்குமுன் தண்ணீர் இறைத்துக்கொள்ள வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வாசற்கதவு பூட்டப்படும். வீட்டை எப்பொழுது வேண்டுமானாலும் உரிமையாளர் பார்வையிடுவார். மற்ற இரு குடித்தனங்களுக்கும் அத்தாள் தரப்பட்டதா என்று கேட்டேன். “விதி எல்லாருக்கும் பொது, அவர்கள் மீறுவதில்லை, அதனால் எழுதித் தரவில்லை” என்றார். முன்கட்டுக் குடித்தனத்தில் மைத்துனர் வந்து மூன்று வாரமாகத் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கிருந்து மீன் குழம்பு வாசம் வீசும். அதை நானும் அறிவேன், உரிமையாளரும் அறிவார்.

அதன் பின்னர், நான் பள்ளிக்குச் சென்றிருக்கும் வேளையில் மாற்றுச் சாவி கொண்டு அறை திறக்கப்படலாயிற்று. குழாயைப் பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். என் தகரப்பெட்டி இடம் மாறியிருக்கும். எனக்கு வந்த கடிதங்கள் பிரித்து மடிக்கப்பட்டிருக்கும். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு முன்பணத்தைக்கூடக் கேட்காமல் காலி செய்துவிட்டேன். “நீங்களாகத்தானே போகிறீர்கள்” என்று அவர் கேட்டார். “ஆம்” என்று நானும் சொன்னேன். இன்று வரை என்னை வருத்துவது அந்த “ஆம்” என்ற சொல்தான். நான் காலி செய்தேன் என்பதுதான் அங்கே மிஞ்சிய செய்தி. காலி செய்விக்கப்பட்டேன் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

என் தந்தையாரோ, தம் இறுதிக் காலம் வரை, “நான் அன்னைக்கு வேற ஏதாச்சும் சொல்லியிருக்கணும், தம்பி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னவர் குற்றவாளியைப் போல வருந்தினார். அதைக் கேட்டவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பரோடாவில் நடந்தது

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று 1917-இல் நாடு திரும்பினார். தமது படிப்புக்கு உதவிய பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். அவ்வளவு பெரிய நகரத்தில் அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பார்சி விடுதி ஒன்றுக்குச் சென்றார். பார்சிகள் மட்டுமே அங்கே தங்கலாம் என்பது விதி. விடுதியோ காலியாகக் கிடந்தது. நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வருமானத்தை இழக்க விரும்பாத காப்பாளர், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு அவரைத் தங்கவைத்தார். மேல்மாடியில் ஓர் அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளியில், பேச்சுத் துணைக்கு ஒருவருமின்றி அவர் நாட்களைக் கழித்தார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்தார்கள். மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் தவணை கேட்டும் இரங்கவில்லை. நகரில் அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். அவர்களிடமும் புகலிடம் கிடைக்கவில்லை. இரயில் நேரம் வரும்வரை காமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்து பம்பாய்க்குத் திரும்பினார்.

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். பொய்ப் பெயரில் தங்கியதையும் அவர் மறைக்கவில்லை. இளைஞர்கள் இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். “பார்சிகளுக்கு மட்டும்” என்ற விதி முதல் நாளிலும் இருந்தது, பதினோராம் நாளிலும் இருந்தது. காசு வேண்டியிருந்தபோது விதி தளர்ந்தது. வந்தவர் யார் என்று தெரிந்தபோது அதே விதி தடியாக மாறியது.

விதி எப்போது விதியாகிறது?

நம் பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நம்மவர் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். அகல் விளக்கானாலும் பொம்மையானாலும் களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். ஒரே அச்சில் ஊற்றினால் விளக்குகள் எல்லாம் ஒரே அளவாகத்தான் வரும். யாருக்கான விளக்கு என்று அச்சு கேட்பதில்லை. விதியும் அப்படிப்பட்டதே. எல்லாக் குடித்தனங்களுக்கும் ஒரே அளவில் பொருந்தினால் அது விதி. ஒருவர் பெயரும் ஊரும் தெரிந்த பின் அவருக்கென எழுதப்பட்டால், அல்லது எல்லாருக்கும் எழுதி ஒருவர் மீது மட்டும் செலுத்தப்பட்டால், அதற்கு விதி என்ற பெயர் பொருந்தாது. அது தீண்டாமையே. “சேரியான் வராதே” என்று பலகை மாட்ட இன்று எவரும் துணிவதில்லை. அந்தப் பலகையின் வேலையைத்தான் இந்த விதித்தாள் செய்கிறது.

வீட்டு உரிமையாளருக்கு உரிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாடகை தவறாமல் வர வேண்டும், வீடு கெடாமல் இருக்க வேண்டும், தம் இசைவின்றி உள்வாடகைக்கு விடக் கூடாது, வந்திருப்பவர் இன்னார் என்று தெரிய வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது நியாயம். வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீட்டைப் பிறரிடம் ஒப்படைப்பவருக்கு அச்சம் இருப்பதும் இயல்பே. ஆனால் இவை ஒவ்வொன்றும் எவரிடமும் கேட்கத்தக்கவை. நம்மிடம் மட்டும் கேட்கப்படுபவை எவை என்று பிரித்துப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

2015-இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் அவர்களும் உடன் ஆய்வாளர்களும் தில்லியையும் அதைச் சுற்றியுள்ள நகரங்களையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். வீடு தேடுவோராகத் தொலைபேசியிலும் நேரிலும் கேட்டுப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு, தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் பல இடங்களில் மூடிக்கொண்டது. மூடாத இடங்களிலும் மற்றவர்க்கு இல்லாத நிபந்தனைகள் முளைத்தன. நகரம் சாதியைக் கரைத்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கரைந்த இடங்களும் உண்டு. ஆயினும் வாடகை வீட்டு வாசலில் அது இன்னும் கரையவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் காலி செய்த அந்நாளில் 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. அச்சட்டத்தின்படி, உரிமையாளர் தாமாகக் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஆணை வேண்டும். அது எனக்கு அன்று தெரியாது. பாடம் நடத்தும் ஆசிரியனுக்கே தெரியாது என்றால் பிறர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அச்சட்டத்தின் இடத்தில் இப்பொழுது, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் நாம் மனத்தில் இருத்த வேண்டியவை சில. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் அவ்வதிகாரியாக இருப்பார். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. கொடுத்த வாடகைக்கு ரசீது பெறும் உரிமை உண்டு. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரை நெருக்கக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். பழுது பார்ப்பதற்கோ பார்வையிடுவதற்கோ உரிமையாளர் உள்ளே வர வேண்டுமானால், 24 மணி நேரத்திற்கு முன்னரே காரணத்தைச் சொல்லி அறிவிப்புத் தர வேண்டும். மாற்றுச் சாவி கையில் இருப்பதால் மட்டும் உள்ளே வரும் உரிமை பிறந்துவிடாது.

ஆயினும் இச்சட்டத்தில் ஒரு பெருங்குறை உண்டு. குடியேறியவரை அது காக்கிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவரைப் பற்றி அது பேசவில்லை. சாதியைக் காரணமாகக் கொண்டு வீடு மறுக்கலாகாது என்று ஒரு பிரிவும் அதில் இல்லை. அதற்கு நாம் வேறு சட்டத்தை நாட வேண்டும்.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. அத்திருத்தத்திற்குப் பின்னணியாக நின்றது, தீண்டாமை பற்றி ஆராய்ந்து 1969-இல் அறிக்கை அளித்த குழு. அக்குழுவின் தலைவர் நம் தென்னார்க்காட்டு மண்ணின் மைந்தர், காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் அவர்கள் என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும். இச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீண்டாமையைக் காரணமாகக் கொண்டு, எந்த வட்டாரத்திலும் குடியிருப்பு வீடு கட்டுவதற்கோ, பெறுவதற்கோ, அதில் குடியிருப்பதற்கோ ஒருவருக்குத் தடை விதிப்பது குற்றம் என்கிறது. இன்னும் ஒன்று: குற்றத்திற்கு இலக்கானவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, அச்செயல் தீண்டாமை காரணமாகவே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று 12-ஆம் பிரிவு கூறுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றமாக்கியது. அத்திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ளது.

ஏட்டில் இருப்பதால் மட்டும் எல்லாம் நம் பக்கம் என்று எண்ணிவிடலாகாது. தம் இனத்தவரை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கலாம் என்ற அகமதாபாத் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் துணை விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் எவரும் இல்லாத நிலையில் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் சொல்லப்பட்ட சாதி இழிசொல், பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தியதைத் தண்டிக்கும் பிரிவின்கீழ் வராது என்று 2020-இல் அந்நீதிமன்றமே கூறியது. வீடு தேடிச் செல்பவர் இழிசொல் கேட்பதோ பெரும்பாலும் அந்த நான்கு சுவர்களுக்குள்தான். ஆகவே சட்டத்தின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டும்.

மறைக்கும் உரிமையும் மறைக்க வேண்டிய கட்டாயமும்

அந்தரங்கம் என்பது பணக்காரர் பேசும் பேச்சு என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் உறங்கும் குடிசையில் அந்தரங்கம் ஏது என்கிறார்கள். அது சரியன்று. என் பெட்டி திறக்கப்பட்டபோது நான் இழந்தது அதைத்தான். சமையலறையின் வாசம், சுவரில் மாட்டிய படம், வந்து போகும் உறவினர், தபாலில் வரும் கடிதம் ஆகியவை ஒருவருக்கே உரியவை. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு முதன்மையாக அரசை நோக்கியது. வீட்டு உரிமையாளரை நேரடியாகக் கட்டுப்படுத்துவதாக அதைக் கொள்ள இயலாது. எனினும் மனிதனின் வீடும் அவனது தனி வாழ்வும் அவன் மாண்பின் பகுதி என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரசே விவரம் கேட்கும் வேளைகளும் உண்டு. 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளைகள் தொடர்பாகத் தேடப்பட்ட ஐவர் சென்னை வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னர், வீட்டு உரிமையாளர்கள் குடித்தனக்காரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டார். இத்தகைய உத்தரவு எல்லாருக்கும் பொதுவாக எழுதப்படுகிறது. எனினும் நான் கண்ட அளவில், வங்கி மேலாளர் குடிவந்தால் எவரும் படிவத்தைத் தேடுவதில்லை. கட்டட வேலைக்கு வந்த வடநாட்டு இளைஞனோ நம் பையனோ வந்தால்தான் படிவம் நினைவுக்கு வருகிறது. சட்டப்படி தர வேண்டிய விவரங்களை நாம் தயங்காமல் தர வேண்டும். ஆனால் அதைச் சாக்கிட்டு, சட்டம் கேட்காதவற்றை ஒருவர் கேட்டால் தர வேண்டியதில்லை. வேலை எங்கே, அடையாள அட்டை உண்டா என்று கேட்கலாம். சாதிச் சான்றிதழைக் காட்டு என்று கேட்க வீட்டு உரிமையாளருக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை.

இங்கே இளைஞர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேள்விக்கு விடை சொல்ல மறுப்பது வேறு. அஞ்சிப் பொய் சொல்வது வேறு. பெயரை மாற்றிச் சொல்லி, ஊரை மாற்றிச் சொல்லி, பெற்றோரைக்கூட வரவேண்டாம் என்று தடுத்து, ஆண்டுக்கணக்கில் வாழும் நம் பிள்ளைகள் நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. இரவு தங்க இடம் இல்லாதவனுக்கு அறிவுரை சொல்வது எளிது. அண்ணலே அந்நிலைக்குத் தள்ளப்பட்டார். ஆயினும் அது அந்தரங்க உரிமை அன்று. சொல்லவும் சொல்லாமல் இருக்கவும் இயலும்போதுதான் அது உரிமை. சொன்னால் வீடு போய்விடும் என்பதால் மறைப்பது, சுவரில்லாத சிறை. தாய் தந்தையர் வந்து தங்க முடியாத வீட்டில் மகன் குடியிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

மெய்ப்பிப்பது எப்படி?

“வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால், அது பொய் என்று எப்படி மெய்ப்பிப்பது? அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோ நகரின் ஏழை மக்கள் பகுதியில் வாடகைக்குக் குடியேறி, வீட்டு வசதியில் காட்டப்படும் நிறவேற்றுமைக்கு எதிராகப் போராடினார். 1968 ஏப்ரல் 4 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கடுத்த வாரம், ஏப்ரல் 11 அன்று, நிறத்தைக் காரணமாகக் கொண்டு வீடு மறுப்பதைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தாயிற்று. சட்டம் வந்த பின்னும் “வீடு காலியில்லை” என்ற விடை நிற்கவில்லை. எனவே ஒரே வீட்டிற்கு முதலில் ஒரு கறுப்பரையும் பிறகு ஒரு வெள்ளையரையும் அனுப்பிக் கேட்டுப் பார்த்தார்கள். வர்ஜினியா மாநிலத்தில் அவ்வாறு சென்ற கறுப்பினப் பெண்ணிடம் “இல்லை” என்றார்கள். வெள்ளையரிடம் “உண்டு” என்றார்கள். அப்பெண் குடியேறும் எண்ணமின்றிச் சோதிக்கவே சென்றிருந்தாலும், பொய்த் தகவல் தரப்பட்டதற்காக வழக்குத் தொடரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, மனக்குமுறலைச் சான்றாக மாற்றும் பழக்கம். வீடு கேட்கப் போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். என்ன வாடகை சொன்னார்கள், என்ன கேட்டார்கள், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று அன்றே எழுதி வையுங்கள். மறுத்த வீட்டை மறுநாள் வேற்றுச் சாதி நண்பர் ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். வாடகையை வங்கி வழியாகச் செலுத்துங்கள். விதி என்று எதைச் சொன்னாலும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதே விதி மற்ற குடித்தனங்களுக்கும் உண்டா என்று பணிவாகக் கேளுங்கள். ஆதார் நகல் கொடுத்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலைக் கொடுத்து, எதற்காகத் தரப்பட்டது என்பதையும் தேதியையும் அதன்மேல் எழுதிக் கொடுங்கள். வெளியேறச் சொன்னால், என்னைப் போல “ஆம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், அவர் மறுத்ததை நீங்கள் எழுதி வையுங்கள்.

நம் வீட்டு வாசல்

பிறரைப் பற்றி இவ்வளவு பேசிய பின், நம்மைப் பற்றியும் பேசினால்தான் நியாயம். கல்வியாலும் உழைப்பாலும் நம்மவரில் சிலர் இன்று வீட்டு உரிமையாளர்கள் ஆகியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. அவர்களுடைய வாசலில் ஓர் அருந்ததியர் குடும்பம் வந்து நின்றால் என்ன நடக்கிறது? இருளர் ஒருவர் வந்தால்? துப்புரவுப் பணியாளர் வந்தால்? கணவனைப் பிரிந்து குழந்தையோடு வாழும் பெண் வந்தால்? “எந்தப் பக்கம்” என்ற கேள்வியை நாமும் கேட்கிறோமா? எல்லா வீட்டிலும் இல்லை. ஆனால் கேட்கும் வீடுகள் உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள். நம்மைச் சுட்ட கேள்வியை நாமே பிறரிடம் கேட்டால், நமக்கு நேர்ந்ததை அநீதி என்று சொல்லும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

கழகத்திடம் ஒரு வேண்டுகோள்

நம் பிள்ளைகளுக்கு வாடகை வீடு கிடைக்காது என்பதை உணர்ந்தே நம் முன்னோர் விடுதிகளைத் தொடங்கினார்கள். சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் பள்ளியோடு விடுதியையும் நடத்தினார். பாடம் சொல்லிக் கொடுப்பது பாதி வேலை. படிப்பவனுக்குத் தங்க இடம் தருவது மறு பாதி என்பதை அவர் அறிந்திருந்தார். விடுதி மாணவப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வாழ்நாள் முழுவதும் வாடகை வீடுதான்.

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் கழகம் மூன்று சிறு செயல்களைத் தொடங்க வேண்டும் என்று வேண்டுகிறேன். முதலாவது, வெளியூர் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாடகைச் சட்டத்தை ஒரு மாலை வகுப்பில் சொல்லிக் கொடுப்பது. இரண்டாவது, ஒரு பதிவேடு. வீடு மறுக்கப்பட்டவர் தேதி, ஊர், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். அவர் இசைவின்றி அவருடைய பெயர் வெளிவரக் கூடாது. ஒருவர் சொன்னால் மனக்குறை என்பார்கள். ஐம்பது பேர் எழுதிய ஏட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. வீடு மறுப்பைத் தடை செய்யும் பிரிவை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கக் கோரும்போது அந்த ஏடு நமக்குத் துணை நிற்கும். மூன்றாவது, நம்மில் வீடு உள்ளோர், வாசலில் வந்து நிற்பவரிடம் சாதி கேட்பதில்லை என்று இன்றே உறுதி கொள்வது. முதல் இரண்டுக்கும் சிறிது பணம் வேண்டும். மூன்றாவதற்கு மனம் மட்டும் போதும்.

அன்பார்ந்தவர்களே! என் தந்தையார் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு நின்ற அந்த வாசலை நான் இன்றும் மறக்கவில்லை. அவர் அன்று வேறு விடை சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் சொன்னது சரியான விடை. கேட்கப்பட்ட கேள்விதான் தவறானது. இதை அவர் உயிரோடு இருந்தபோது அவரிடம் சொல்லும் தெளிவு எனக்கு இருக்கவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். உங்கள் தாய் தந்தையர் உங்களைக் காண வரும்போது, தயக்கமின்றி ஊரைச் சொல்லி, உள்ளே வந்து, ஓரிரவு தங்கிப் போகும்படியான வீட்டில் நீங்கள் குடியிருக்க வேண்டும். அதற்கான அறிவையும் துணிவையும் இக்கழகம் இன்னும் பல்லாண்டு வழங்கி வர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.